பதினைந்து பெற்றோர்: இடைநிலைப்பள்ளியில் தமிழைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்த வரலாறு



ஆண்டுத் தொடக்கத்தில் சிகாமட்டில் முதலாம் படிவப் பதிவு நாளன்று ஏதாவது ஓர் இடைநிலைப்பள்ளி மண்டபத்தில் போய் நின்று பாருங்கள். பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். கையில் பிறப்புச் சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், நாலைந்து பாரங்கள். அந்தப் பாரங்களில் ஒன்றில் தாய்மொழிப் பாடம் வேண்டுமா என்று கேட்டிருக்கும். சில பள்ளிகளில் அந்தக் கேள்வியே இருக்காது. வரிசையில் உங்கள் காதில் விழும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "தமிழ் எடுத்தா மத்த பாடம் பாதிக்குமா சார்?" "இந்தப் பள்ளியில தமிழ் இருக்கா இல்லையா?" "பசங்க பத்தலன்னு சொல்றாங்களே?"

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது அரை நிமிட முடிவு. ஆனால் அந்த ஒரு கேள்வி அந்தப் பாரத்துக்கு வந்து சேர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்த வரலாறு தெரிந்தால் "பசங்க பத்தல" என்ற பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பி வரமாட்டோம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பதினைந்து என்ற எண் எங்கிருந்து வந்தது?

சிகாமட் மாவட்டத்தில் நம் முன்னோர் குடியேறியது ரப்பரை நம்பி. சிகாமட், லாபிஸ், பத்து அனாம், பூலோ காசாப், பெக்கோக், சாஆ என்று இரயில் தண்டவாளத்தையும் சாலையையும் ஒட்டித் தோட்டங்கள் பரவின. தோட்டத்தில் லயம் இருந்தது, கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளியும் இருந்தது. ஆனால் அந்தப் படிப்பு தொடக்க நிலையோடு நின்றுவிட்டது. மேலே படிக்க வேண்டும் என்றால் டவுனில் இருந்த ஆங்கிலப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே கட்டணமும் பயணச் செலவும் இருந்தன. அங்கே தமிழ் இல்லை. அதாவது, மேலே படிப்பதா தமிழா என்பதுதான் அன்றைய "பாடத் தேர்வு".

1951-இல் பார்ன்ஸ் அறிக்கை வந்தது. எல்லா இனப் பிள்ளைகளும் மலாய், ஆங்கிலம் ஆகிய இருமொழித் தேசியப் பள்ளிகளில் படிக்கட்டும் என்பது அதன் சாரம். தாய்மொழிப் பள்ளிகள் காலப்போக்கில் மறையும் என்ற நிலை அதில் இருந்ததால் சீனரும் இந்தியரும் எதிர்த்தார்கள். பிறகு 1956-இல் ரசாக் அறிக்கை வெளிவந்தது. தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்குள் இடம் பெற்றன. தேர்வில் இந்த அறிக்கையைப் பற்றிக் கேட்டால், பொதுப் பாடத்திட்டம், மலாய்மொழியின் நிலை என்று எழுதுவோம். அது சரிதான். ஆனால் தமிழர் மறக்கக் கூடாத இன்னொரு பரிந்துரையும் அதில் உண்டு. பொதுப்பணத்தில் நடக்கும் தொடக்கப்பள்ளி ஒன்றில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் அங்கே சீனமோ தமிழோ கற்றுத்தர வேண்டும் என்பது அது.

அடுத்து வந்த கல்விச் சட்டங்களில் இந்த எண் நிலைத்தது. இன்று நடப்பில் இருக்கும் 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டம் தேசியப் பள்ளி, தேசிய இடைநிலைப்பள்ளி ஆகியவற்றுக்குத் தரும் விளக்கத்திலேயே இது இருக்கிறது. பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் வேண்டினால் சீனம் அல்லது தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும்.

இந்த வரியை மெதுவாக இன்னொரு முறை படியுங்கள். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, "பள்ளியில்" பதினைந்து பேர். ஒரு வகுப்பில் என்றோ ஒரு படிவத்தில் என்றோ சட்டம் சொல்லவில்லை. நம்மில் பலர், ஆசிரியர்கள் உட்பட, ஒரே படிவத்தில் பதினைந்து பேர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முதலாம் படிவத்தில் நாலு பேர், இரண்டாம் படிவத்தில் ஆறு பேர், மூன்றாம் படிவத்தில் ஐந்து பேர் என்றாலும் பதினைந்துதான். இரண்டாவது, பெற்றோர் "வேண்டினால்". பள்ளியில் முப்பது தமிழ்ப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரும் கேட்கவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் கோரிக்கையே இல்லை.

கதவு திறந்தது, தமிழ் வெளியே நின்றது

சுதந்திரத்துக்குப் பிறகான முதல் ஆண்டுகளில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போக நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேறாதவர்கள் பெரும்பான்மையோர். தோட்டத்துப் பிள்ளைகள் அதில் முன்னால் நின்றார்கள். 1960-இல் வந்த ரஹ்மான் தாலிப் அறிக்கையும் 1961 கல்விச் சட்டமும் அமைப்பை உறுதி செய்தன. 1964-இல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை போகலாம் என்று ஆனது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் பயிற்றுமொழி மாற்றத்துக்காக ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்தார்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள், "ரிமூவ் கிளாஸ்" என்று உடனே சொல்வார்கள்.

1965-இன் புதிய பாடத்திட்டத்தில்தான் கீழ் இடைநிலைப் பள்ளியில் பாடத் தேர்வு என்பதே முறையாக வந்தது. தொழிற்கலை, விவசாய அறிவியல், வாணிகம், மனையியல் ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையால் செய்யும் வேலையையும் பிள்ளைகள் பழகட்டும், எல்லோரும் எழுத்தர் வேலைக்கே போக முடியாது என்பது அதன் நோக்கம். இன்று நாம் செறிவூட்டல், தொழில்திறன் என்று பேசுவதற்கு அங்கே ஒரு வேர் இருக்கிறது. 1989-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டத்தில் அந்த நான்கும் வாழ்வியல் திறன் என்ற பாடத்துக்குள் கலந்தன.

தமிழ் எங்கே இருந்தது? அந்த நான்கில் இல்லை. அது "மாணவர் சொந்த மொழி" வகுப்பாக, பி.ஓ.எல். என்ற மூன்றெழுத்தில் அட்டவணையின் ஓரத்தில் நின்றது. பல பள்ளிகளில் பள்ளி முடிந்த பிறகு, அல்லது சனிக்கிழமை காலை. இதன் விளைவைச் சிகாமட் போன்ற மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டவுன் பிள்ளை சைக்கிளில் வீடு போய்ச் சேரும். தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளி பஸ் ஒன்றுதான். தமிழ் வகுப்புக்கு இருந்தால் பஸ் போய்விடும். தமிழ் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பஸ்தான் முடிவு செய்தது.

மேலே ஒரு துறை, கீழே ஒரு பாடம்

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். மூன்றாம் படிவத் தமிழ் வகுப்புக்கு இவ்வளவு முக்கியத்துவமா? இதற்குப் பதில் பல்கலைக்கழக வரலாற்றில் இருக்கிறது.

1950-களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கியது. அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற விவாதம் எழுந்தது. சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரும் பரிந்துரையைத் தமிழர்கள் ஏற்கவில்லை. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி மக்களைத் திரட்டினார். "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதி சேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் காலடி வைத்திராத தோட்டத் தொழிலாளர்களும் சிறுதொகை கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது, தமிழ் அதில் நிலைபெற்றது. பிறகு கோலாலம்பூரில் அத்துறையை வழிநடத்திய தனிநாயகம் அடிகளின் முயற்சியில், 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அந்நகரில் நடந்தது.

ஆனால் மேலே ஒரு துறை இருந்தால் போதாது, அதற்கு மாணவர் போக வேண்டும். அந்த மாணவர் எஸ்.டி.பி.எம்.மில் தமிழ் எடுத்திருக்க வேண்டும். அதற்கு முன் எஸ்.பி.எம்.மில். அதற்கும் முன் முதலாம் படிவத்தில். தமிழாசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவரும் எஸ்.பி.எம். தமிழில் நல்ல தேர்ச்சி காட்ட வேண்டும். ஆக, இன்று ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்கு "அ" எழுதிக் காட்டும் ஆசிரியை, ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஊரில் முதலாம் படிவப் பாரத்தில் தமிழுக்குக் குறி போட்டவர். அந்தக் குறி போடாதவர்கள் கூடக் கூட, பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆசிரியர் கிடைப்பது குறையும்.

2009: பத்துக்குள் அடங்காத கணக்கு

தேர்வு மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

2009-இல் கல்வியமைச்சு ஓர் அறிவிப்புச் செய்தது. அடுத்த ஆண்டு முதல் எஸ்.பி.எம்.மில் ஒருவர் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது. பதினைந்து, இருபது ஏ என்று பிள்ளைகள் போட்டி போட்டு எழுதிய காலம் அது. அதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அன்றைய அறிவியல் பிரிவில் படித்த தமிழ் மாணவரின் கணக்கு இப்படி இருந்தது: மலாய்மொழி, ஆங்கிலம், நன்னெறிக்கல்வி, வரலாறு, கணிதம் என்று ஐந்து. கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று நான்கு. மொத்தம் ஒன்பது. தமிழ்மொழி சேர்த்தால் பத்து. தமிழ் இலக்கியத்துக்கு இடமே இல்லை. கணக்கியல் மாதிரி இன்னொரு பாடம் எடுத்தாலோ, தமிழ்மொழிக்கும் இடமில்லை.

பார்த்தீர்களா, தமிழை யாரும் தடை செய்யவில்லை. ஒரு பொது விதி எல்லோருக்கும் சமமாகத்தான் போடப்பட்டது. ஆனால் கூட்டிப் பார்த்தால் ஓரத்தில் நின்ற பாடம்தான் முதலில் விழுந்தது. தமிழ் அமைப்புகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் குரல் கொடுத்தார்கள். நாளிதழ்களில் கடிதங்கள் வந்தன, மனுக்கள் போயின. அந்த ஆண்டு முடிவதற்குள் அமைச்சரவை பத்துடன் இரண்டு, மொத்தம் பன்னிரண்டு என்று தளர்த்தியது. தமிழும் இலக்கியமும் மூச்சு விட்டன.

வரலாற்றுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இதிலிருந்து ஒரு கருத்தைக் குறித்துக்கொள்ளலாம்: ஒரு பாடம் குறைவதற்கு அதற்கு எதிரான சட்டம் தேவையில்லை, பொதுவான ஓர் எண்ணிக்கை விதியே போதும். 1956-இல் வந்த பதினைந்தும் ஓர் எண்தான், 2009-இல் வந்த பத்தும் ஓர் எண்தான். அந்த எண்ணுக்கு எதிரே மக்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் முடிவு மாறியது.

தேர்வு போன பிறகு

2017-இல் புதிய இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டம் முதலாம் படிவத்தில் தொடங்கியது. 2020-இல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பிரிவினை நீங்கி, விருப்பப் பாடங்களைத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். முடிவுக்கு வந்தது. 2022-இல் பி.டி.3 நீக்கப்பட்டது.

பிள்ளைகளுக்குத் தேர்வுச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் தமிழுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. முன்பு எல்.சி.இ., எஸ்.ஆர்.பி., பி.எம்.ஆர்., பி.டி.3 என்று பெயர் மாறினாலும் மூன்றாம் படிவத்தில் ஒரு பொதுத் தேர்வு இருந்தது. "தேர்வுக்குத் தேவைப்படும்" என்று சொல்லியாவது பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கலாம். இப்போது எஸ்.பி.எம். வரை அந்தப் பிடி இல்லை. "நாலாம் படிவத்துல பார்த்துக்கலாம்" என்று விடுவது சுலபமாகிவிட்டது. நான்காம் படிவத்தில் வந்து பார்த்தால், மூன்று ஆண்டு தமிழ் எழுதாத கை கட்டுரை எழுத வராது. தொகுப்பிலும் இடம் இருக்காது.

சிகாமட்டின் கணக்கு

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போனபோது நம் மக்கள் டவுனுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நகர்ந்தார்கள். சின்னத் தோட்டப்பள்ளிகள் சில இணைந்தன. சாஆ தமிழ்ப்பள்ளியின் பெயரிலேயே "சந்துமான்" என்ற மலாய்ச் சொல் இருக்கிறது. இணைப்பு என்று பொருள். தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளை இப்படி ஓரிடத்தில் சேர்த்தோம். ஆனால் ஆறாம் ஆண்டு முடிந்ததும் அதே பிள்ளைகள் அங்கொரு பள்ளி இங்கொரு பள்ளி என்று சிதறுகிறார்கள். ஒரு பள்ளியில் ஒன்பது பேர், பக்கத்துப் பள்ளியில் பதினொருவர். மொத்தம் இருபது பேர் இருந்தும் எங்குமே பதினைந்து இல்லை.

இதே சிக்கல் சிங்கப்பூரிலும் உண்டு. அங்கே 1966 முதல் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் மொழி கட்டாயம். தமிழ் கற்பிக்காத பள்ளிகளின் மாணவர்கள் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற மையங்களுக்குப் போய்ப் படிக்கிறார்கள். பிள்ளை சிதறினாலும் வகுப்பு ஓரிடத்தில் கூடும். நம் நாட்டில் சட்டம் வேறு, அமைப்பு வேறு. ஆனாலும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஒரு மைய வகுப்பு கேட்டுப் பார்ப்பதை நாம் மாவட்ட அளவில் யோசிக்கலாம்.

அப்படியானால் என்ன செய்வது?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, ஆறாம் ஆண்டு கடைசித் தவணையிலேயே பெற்றோரிடம் பேசுங்கள். யார் எந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். பதிவு நாளுக்கு முன்பே கோரிக்கைக் கடிதம் கையெழுத்தோடு தயாராக இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு ஆதாரம் இல்லை. எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மூத்த படிவங்களில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டம் சொல்வது பள்ளி முழுவதையும்.

மாணவர்களே, "தமிழ் எடுத்தா ஏ குறையுமா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: எல்லா மேற்படிப்புக்கும் தமிழ்த் தேர்ச்சி ஒரே மாதிரி கணக்கில் வராது. நீங்கள் போக நினைக்கும் படிப்பின் தகுதியை அந்தந்த ஆண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவியல் தொகுப்பில் ஒன்பது பாடத்தோடு தமிழும் இலக்கியமும் சேர்ந்தால் பாரம்தான். இலக்கியத்தை விட்டுவிட்டுத் தமிழை மட்டும் வைத்துக்கொள்வதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் முதலாம் படிவத்திலேயே பயந்து விட்டுவிடாதீர்கள். எடுத்த தமிழை நான்காம் படிவத்தில் விடலாம். விட்ட தமிழை நான்காம் படிவத்தில் எடுப்பது மிகக் கடினம். இரண்டும் சமமான முடிவுகள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் குறி போடும்போது உங்களுக்கு மட்டும் போடவில்லை. பதினான்கு பேர் இருக்கும் பள்ளியில் நீங்கள் பதினைந்தாவது ஆள்.

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்

1951 – பார்ன்ஸ் அறிக்கை
1956 – ரசாக் அறிக்கை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை
1960, 1961 – ரஹ்மான் தாலிப் அறிக்கை, கல்விச் சட்டம்
1965 – மூன்றாம் படிவம் வரை அனைவருக்கும் கல்வி. நான்கு விருப்பப் பாடங்கள்
1989 – ஒருங்கிணைந்த இடைநிலைப்பள்ளிப் பாடத்திட்டம்
1996 – இன்றைய கல்விச் சட்டம்
2009 – எஸ்.பி.எம். பத்துப் பாட வரம்பும் அதன் தளர்வும்
2020, 2022 – பாடத் தொகுப்பு முறை, பி.டி.3 நீக்கம்

வகுப்பில் கலந்துரையாட

1. பார்ன்ஸ் அறிக்கைக்கும் ரசாக் அறிக்கைக்கும் இடையே தாய்மொழிக் கல்வி தொடர்பான வேறுபாடு யாது?
2. பொதுவான ஒரு விதி ஒரு சிறுபான்மைப் பாடத்தை எப்படிப் பாதிக்கும்? 2009-ஆம் ஆண்டு நிகழ்வைக் கொண்டு விளக்குக.
3. உங்கள் பள்ளியில் தமிழ் படிக்கும் மாணவர் எத்தனை பேர்? படிக்க வாய்ப்பிருந்தும் படிக்காதவர் எத்தனை பேர்? ஏன் என்று அவர்களிடமே கேட்டு எழுதி வருக.